கண் தண்ணீரில் இருக்கட்டும்

செப்டம்பர் 8, திங்கள்

வேலையில் முதல் நாள். நான்கு பேர் என்னிடம் பேசினார்கள். நான்கு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "பாத்ரூம் எந்தப் பக்கம்?"

சட்டையின் முதுகில் 'உயிர்காப்பாளர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை. மேனேஜர் தயாளன் மட்டும் "ஜெசிந்தா மேடம்" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். சாவி மாட்டும் ஆணியைக் காட்டிவிட்டு அவரும் போய்விட்டார்.

கோயம்புத்தூரின் ஓரத்தில் இத்தனை பெரிய குடியிருப்பை நான் எதிர்பார்க்கவில்லை. சுற்றிலும் அடுக்குமாடிகள், நடுவில் குளம். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெண்கள் நேரம், சாயங்காலம் குழந்தைகள். இரண்டுக்கும் நான்தான். விடிகாலை ஆண்கள் நேரத்துக்கு வேறொருவர் இருக்கிறாராம். நான் வருவதற்குள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவாராம்.

வந்ததும் குளத்தைச் சுற்றி நடந்தேன். ஆழப் பகுதியின் அடியில் வடிகால் மூடியின் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. மூடி கழன்றால் கீழே இழுக்கிற வேகத்தில் முடி மாட்டும், துணி மாட்டும், ஆள் மேலே வர முடியாது. திருகை முடுக்கும்வரை ஆழத்தைக் கயிறு கட்டி அடைத்தேன். குளோரின் டப்பாவும் ஆசிட் கேனும் ஒரே அலமாரியில் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தன. இரண்டும் கலந்தால் நச்சுப் புகை. தனித்தனி அறைக்கு மாற்றச் சொன்னேன். "இவ்வளவு நாள் ஒண்ணும் ஆகலையே மேடம்" என்றார் தயாளன். ஆகாத வரைக்கும் எல்லோரும் சொல்வதுதான்.

அண்ணன் போன் செய்தான். மணப்பாட்டில் கடலோடு வளர்ந்தவளுக்குத் தொட்டித் தண்ணீருக்குக் காவலா என்று சிரித்தான். தொட்டித் தண்ணீரிலும் ஆள் சாகலாம் என்றேன். வைத்துவிட்டான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒரு அம்மா நைட்டியோடு இறங்கப் போனார். மேலே துப்பட்டா வேறு. தடுத்தேன்.

"ஏம்மா, எல்லாரும் பொம்பளைங்கதான? என்ன வெக்கம்?" என்றார்.

"வெக்கத்துக்குச் சொல்லலம்மா. நைட்டிக்குள்ள காத்து அடைச்சு துணி மூஞ்சிக்கு மேல ஏறிரும். துப்பட்டா ஏணியில மாட்டிக்கிடும். பெறவு நான்தான் குதிக்கணும்."

"அப்ப குதி. அதுக்குத்தான சம்பளம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அவரைத் திருப்பி அனுப்பினேன். அதனால் இன்று என்னிடம் யாரும் பாத்ரூம் கூடக் கேட்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்பதை மறந்துவிட்டேன். பாதிப் பேர் தலை நிறைய நல்லெண்ணெயோடு வந்து நின்றார்கள். வீட்டில் வெந்நீர் போடும் வேலை மிச்சம், இங்கேயே அலசிக்கொள்ளலாம் என்று நினைப்பு. எண்ணெய் இறங்கினால் குளோரின் அதோடு மல்லுக்கட்டி ஓய்ந்துவிடும், தண்ணீர் கலங்கும். நாற்காலியில் இருந்து பார்த்தால் ஆழத்து வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விசிலை ஊதி எல்லோரையும் மேலே ஏற்றிவிட வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. அடியில் ஒருவர் கிடந்தாலும் மேலே இருப்பவளுக்குத் தெரியாது என்பதுதான் காரணம்.

ஷவர் பக்கம் துரத்தி, சீயக்காய் போட்டு அலசிவிட்டு வரச் சொன்னேன். முணுமுணுத்தார்கள். எனக்கு வைத்த பெயர் என் காதிலேயே விழுந்தது: விசில் டீச்சர். போகட்டும்.

நான் தங்கும் ஹாஸ்டல் அறையில் இன்னொரு பெண் இருக்கிறாள். ராத்திரி வேலை. நான் கிளம்பும்போது போர்வைக்குள் இருக்கிறாள். நான் திரும்பும்போது போய்விட்டிருக்கிறாள். கொடியில் அவளுடைய ஈரத் துண்டு தொங்குகிறது. பெயர் அபர்ணா என்று அலமாரியில் ஒட்டியிருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று ஒரு தொந்தரவு. என் நாற்காலிக்கு வலது பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு அம்மாள் உட்கார்ந்தார்.

"ஏன் அம்மிணி, நீ யாரு கூடயும் பேசவே மாட்டியா?"

கண்ணை எடுக்காமல் பதில் சொன்னேன். "டூட்டியில இருக்கேன்க்கா. திரும்பக் கூடாது. தப்பா எடுத்துக்கிடாதீங்க."

"திரும்ப வேண்டாஞ் சாமி. நீ பாட்டுக்கு அங்கயே பாரு. நான் பாட்டுக்குப் பேசிக்கிறேன். எனக்கும் பேசி நாளாச்சு."

அப்புறம் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். பெயர் பூவாத்தாள். காங்கேயம் பக்கம். மகன் மெல்போர்னில் இருக்கிறான். அவன் வாங்கிப் போட்ட வீடு இங்கே சும்மா கிடக்கக் கூடாது என்று இவரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். வீட்டுக்காரர் மாடு கன்றை விட்டு வர மாட்டேன் என்று தோட்டத்திலேயே இருந்துவிட்டார். "நீ தண்ணிக்குக் காவல், நான் பூட்டுக்குக் காவல்" என்றார். அங்கே மாலையாகி, மகன் வேலை முடிந்து கூப்பிடும் நேரம் நெருங்கியதும் எழுந்து போய்விட்டார். தண்ணீரில் ஆள் இருந்ததால் நான் திரும்பவில்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. மெட்டி போட்ட கால் மட்டும் ஓரக்கண்ணில் விழுந்தது.

பயிற்சியில் எங்கள் சார் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கண் தண்ணீரில் இருக்கட்டும். காதைக் கொடு, கண்ணைக் கொடுக்காதே. அப்படிப் பார்த்தால் நான் விதியை மீறவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

அந்த அக்கா மறுபடி வந்தார். அதே நாற்காலி.

செப்டம்பர் 19, வெள்ளி

வலது பக்க பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஆடிக்கொண்டிருந்தது. யாராவது விழுந்து வைத்தால் அதுவும் என் தலையில்தான் விடியும். நல்லதாக ஒன்றை கிளப் ஹாலில் இருந்து எடுத்துவந்து, வெயில் படாத இடமாகப் பார்த்துப் போட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

"ஒரு நாள் நீங்களும் எறங்குங்களேன்க்கா" என்றேன்.

"நானா! அட போ அம்மிணி. எங்கூர்ல கெணறு அத்தன ஆழம். ஆம்பளப் பசங்க மேலருந்து தொப்பு தொப்புன்னு குதிப்பாங்க. எங்களக் கிட்டக்கயே விட மாட்டாங்க. வாய்க்காத் தண்ணியில பாதம் நனையறதோட சரி. இப்ப இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு அந்த ரப்பர் சட்டைய மாட்டிக்கிட்டு நிக்கறதா? என்ற மகன் போட்டோவுல பாத்தான்னா வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவான்."

"வரட்டுமே. நல்லதுதான."

 அவர் "சாப்ட்டியா?" என்றார். இட்லி என்றேன். எத்தனை என்று கேட்டார். நான் எத்தனை இட்லி சாப்பிட்டேன் என்று அம்மா இறந்த பிறகு யாரும் கேட்டதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

விடுமுறை. மாதா கோவிலுக்குப் போய் வந்தேன். துணி துவைத்தேன். அபர்ணாவின் துண்டையும் மடித்து அவள் கட்டிலில் வைத்தேன். வேறு வேலை இல்லை. ஞாயிறு எதற்கு வருகிறதோ.

அக்டோபர் 10, வெள்ளி

பத்தரைக்கு இடி. மழை இன்னும் வரவில்லை, ஆனாலும் இடி கேட்டால் குளத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. விசில் ஊதி ஏற்றினேன். "ஒரு துளி கூட விழலையே!" என்று ஷர்மிளா என்ற பெண் சண்டைக்கு வந்தார். பள்ளி விடுமுறை நாட்களில் மகள் ஹாசினியையும் கூட்டி வருபவர். இடிக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்கினேன். அவர் வானத்தையும் என்னையும் ஒரே மாதிரி முறைத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு குளம் காலி. கண்ணைத் திருப்ப எனக்குத் தடை இல்லை. சட்டென்று வலது பக்கம் திரும்பினேன். நாற்காலிதான் இருந்தது. இடி என்றதும் மாடியில் காய்ந்த மிளகாய் வடகத்தை எடுக்க அக்கா முதல் ஆளாக ஓடியிருக்கிறார். எனக்கு ஏன் அவ்வளவு ஏமாற்றம் என்று தெரியவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறாயா என்று அக்கா கேட்டார். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்குக் கிறிஸ்துமஸ்தான் என்றேன். கிறிஸ்துமஸுக்காவது போவாயா என்றார். அண்ணன் வீட்டில் இடம் போதாது என்றேன்.

"அப்ப நோம்பிக்கு இங்கதான் இருப்பியா? நானும் இங்கதான். அவரு தோட்டத்த விட்டு வர மாட்டாரு, நான் போனா வீட்டப் பாக்க ஆளில்ல. கச்சாயம் சுட்டுக் கொண்டாரேன், ரெண்டு பேரும் சேந்து திங்கலாம்."

பண்டிகையை அவர்கள் பக்கம் நோம்பி என்கிறார்கள். அதிரசம் மாதிரி ஒன்றுக்குக் கச்சாயம் என்று பெயர். நோம்பி என்று ஹாஸ்டலில் தனியாக ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். வாய்க்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 20, திங்கள், காலை

தீபாவளி. ஹாஸ்டலில் என்னைத் தவிர யாரும் இல்லை. அபர்ணாவும் ஊருக்குப் போய்விட்டாள். கொடி காலி. தலை வாரிக்கொண்டு சீக்கிரமே கிளம்புகிறேன்.

அக்டோபர் 20, சாயங்காலம்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இன்று குளத்தில் கூட்டம். குடும்பம் குடும்பமாகப் பெண்களும் பெண் குழந்தைகளும். எல்லோரும் விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள். குளித்தோம் என்று சொன்னார்கள். தலையைத் தொட்டுப் பார்த்தால் பிசுபிசு. ஷவருக்கு அனுப்பினேன். ஒருத்தி போனால் மூன்று பேர் மறுபக்கத்தில் இறங்குகிறார்கள். பதினொரு மணிக்குள் தண்ணீர் அரிசி களைந்த நிறத்துக்கு வந்துவிட்டது. வடிகால் மூடி ஓரளவு தெரிந்தது. பண்டிகை நாளில் எல்லோரையும் ஏற்றிவிட்டால் பெரிய ரகளை ஆகும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று விட்டேன்.

பூவாத்தாள் அக்கா எவர்சில்வர் டப்பாவோடு வந்து உட்கார்ந்தார். கச்சாயத்தை என் கையில் வைத்தார். கண்ணை எடுக்காமல் தின்றேன். இன்னும் சூடாக இருந்தது. அவர் மாமியார் முதல் நோம்பிக்கு இவரைப் பலகாரம் சுடச் சொன்னதையும், மாவு எண்ணெய்ச் சட்டியில் வெடித்து அடுப்படிக் கூரை வரை தெறித்ததையும், மாமனார் வாசலில் நின்று "யாரு வெடி வெச்சது?" என்று கேட்டதையும் சொன்னார். நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிக்கும்போது கண் மூடுகிறது. அதை நான் யோசித்ததே இல்லை.

கண்ணைத் திறந்தபோது ஏதோ ஒன்று குறைந்தது. எது என்று ஒரு கணம் பிடிபடவில்லை. ஷர்மிளா இருந்தார். பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். ஹாசினியின் தலை இல்லை. கத்தல் இல்லை, கை உயர்த்தல் இல்லை, தண்ணீர் கலையக் கூட இல்லை. மூழ்குகிறவர்கள் சத்தம் போட மாட்டார்கள். இதை எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

குதித்தேன். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் வெள்ளை. கையால்தான் தேடினேன். ஆழமில்லாத பகுதி சரிவாக இறங்குகிற இடத்தில் விரல்களில் முடி பட்டது. பிடித்துத் தூக்கி ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். இருமினாள். வாந்தி எடுத்தாள். அழுதாள். அந்த அழுகை கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஷர்மிளா ஓடிவந்தார். என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. "ஏய் ஹாசினி, என்னடி விளையாட்டு இது? பாரு, ஆன்ட்டி டிரஸ் பூரா நனைஞ்சு போச்சு! ஸாரி சொல்லு!" என்றார்.

"விளையாட்டு இல்ல மேடம். உள்ள போயிட்டா. தண்ணி குடிச்சிருக்கா. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"நல்லாத்தான இருக்கா? நல்ல நாள்ல எதுக்கு ஆஸ்பத்திரி?"

"நுரையீரல்ல தண்ணி போயிருந்தா இப்பத் தெரியாது, பெறவுதான் மூச்சு முட்டும். நீங்க வரலன்னா நானே தூக்கிட்டுப் போவேன்."

என் குரலைக் கேட்டுத்தான் அவர் முகம் வெளுத்தது. விசில் ஊதி மற்ற எல்லோரையும் ஏற்றினேன். குளத்தைப் பூட்டிவிட்டு ஈரத் துணியோடு கூடவே போனேன். மாலை வரை வைத்திருந்து பார்த்தார்கள். பிராண வாயு அளவு நன்றாக இருக்கிறது, நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். ஹாசினி திரும்பி வரும் வழியெல்லாம் புஸ்வாணம் வேண்டும் என்று அடம் பிடித்தாள்.

டப்பா எங்கே போனது, அக்கா எப்போது எழுந்து போனார், எதுவும் எனக்குத் தெரியாது.

அக்டோபர் 21, செவ்வாய்

ஓரளவு தெரிந்தது என்று நேற்று எழுதியிருக்கிறேன். பொய். வடிகால் மூடி தெரியவே இல்லை. பத்தேமுக்காலுக்கே தெரியவில்லை. ரகளை ஆகும் என்றும் எழுதியிருக்கிறேன். ரகளைக்கு நான் என்றைக்குப் பயந்தேன்? நைட்டிக்கும் இடிக்கும் விசில் ஊதியவள்தானே.

ஊதியிருந்தால் குளம் மூடியிருக்கும். குளம் மூடினால் அக்கா வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். நோம்பி நாள் முழுவதும் நான் அந்தக் காலி ஹாஸ்டலில் கிடந்திருப்பேன். இவ்வளவுதான் காரணம். அதற்காக ஒரு குழந்தையை அடி தெரியாத தண்ணீரில் விட்டிருக்கிறேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

தயாளனிடம் போய், மூட வேண்டிய குளத்தை மூடாமல் விட்டது என் தப்பு என்று சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாரும் உங்களப் பாராட்டிட்டு இருக்காங்க மேடம். நீங்களா எதுக்கு வாயக் குடுக்கறீங்க?" ஷர்மிளா வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன்.  அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அது நியாயம்தான்.

அக்டோபர் 22, புதன்

குடியிருப்போர் சங்கத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். யாரோ உன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்களாமே, யார் அது என்று கேட்டார்கள். பேசுகிறவர் யாராக இருந்தாலும் பார்க்க வேண்டியவள் நான்தான் என்றேன். பெயரைச் சொல்லவில்லை. எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்து, வேலையில் தொடரச் சொன்னார்கள். எண்ணெய்த் தலையோடு இறங்கத் தடை என்று பலகை வைக்கிறார்கள். விடுமுறை நாட்களில் இன்னொரு காவலர் வேண்டும் என்றேன். யோசிக்கிறார்களாம்.

குளத்தை வடித்துக் கழுவினோம். சுவரில் எண்ணெய்ப் படலம் விரல் வைத்தால் வழுக்கியது.

அக்டோபர் 23, வியாழன்

அக்கா வந்தார். நாற்காலி இழுபடும் சத்தம். 

"கொழந்த நல்லாருக்குதா அம்மிணி?"

"நல்லா இருக்காக்கா."

"அன்னைக்குப் போயி நான் அந்தக் கதையச் சொல்லி..."

"அக்கா." தண்ணீரில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். "இனிமே இங்க உக்காராதீங்கக்கா."

பின்னால் சொல்ல எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். உங்கள்மேல் தப்பில்லை. நீங்கள் வரும் சத்தம் கேட்டாலே என் மனசு அங்கே போய்விடுகிறது. தண்ணீரில் பாதிதான் இருக்கிறது. இதையெல்லாம் கோவையாகச் சொல்வதாக இருந்தது.  ஒன்றும் வரவில்லை.

"சரி சாமி" என்றார். நாற்காலி நகர்ந்தது. மெட்டிச் சத்தம் போனது. அவர் கோபமாகப் போனாரா, அழுதுகொண்டு போனாரா, தெரியவில்லை. நான் திரும்பவில்லை. தண்ணீரில் ஆள் இருந்தார்கள்.

அக்டோபர் 24, வெள்ளி

யாரும் வரவில்லை. மழை.

அக்டோபர் 28, செவ்வாய்

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வடிகால் மூடியின் திருகுகளைக் கூட எண்ணலாம். நன்றாக வேலை செய்கிறேன். ஒரு நொடி கூடக் கவனம் பிசகவில்லை. சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஊரில் அம்மாவின் கல்லறையில் அண்ணன் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பான். கேட்பதற்காகப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இங்கே கோவிலில் யார் யாருடைய பெயரையோ வாசித்தார்கள். அம்மாவின் பெயரை நான் கொடுக்க மறந்துவிட்டேன். வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 5, புதன்

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே காய்கறி வண்டி நின்றது. கூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல்.

"ஏந் தம்பி, இந்த அவரைக்காய நீயே திம்பியா? நார உரிச்சா காயே இருக்காது போல!"

அக்காதான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான்கைந்து பெண்கள் நின்றார்கள். அவர்களில் யார் அக்கா என்று தெரியவில்லை. பச்சைச் சேலையா, ஊதாவா? ஒரு மாதத்துக்கு மேல் தினமும் பேசியவரை முதுகை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. டூட்டி முடிந்திருந்தது. திரும்பிப் பார்க்க எந்த விதியும் தடுக்கவில்லை. ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். என்னவென்று கூப்பிடுவது? விரட்டிவிட்டவள் வாயால் அக்கா என்றா? யாராவது திரும்புவதற்குள் வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

அவரும் அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லையோ, அதுதான் காய்காரனோடு அவ்வளவு நேரம் பேசினாரோ என்று இப்போது தோன்றுகிறது. தோன்றி என்ன செய்ய?

நவம்பர் 7, வெள்ளி

வலது பக்கத்து நாற்காலியை கிளப் ஹாலில் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

தயாளன் வந்து நல்ல செய்தி சொன்னார். ஆட்களை அதிகப்படுத்துகிறார்களாம், விடுமுறை நாட்களில் இன்னொரு பெண் காவலர் வருவாராம். அவர் இடது மூலையில், நான் வலது மூலையில். நடுவில் முழுக் குளம். பேச வேண்டுமானால் விசில்தான் அடிக்க வேண்டும்.

சாயங்காலம் குழந்தைகள் நேரத்துக்கு ஷர்மிளா வந்தார். என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். ஹாசினியின் தலையை வீட்டிலேயே சீயக்காய் போட்டு அலசிவிட்டதாகத் தானாகவே சொன்னார். பிறகு மகளை என் நாற்காலிக்கு நேர் எதிரே, நான் நன்றாகப் பார்க்கும் இடமாகப் பார்த்து இறக்கிவிட்டார். கொஞ்ச நேரம் எனக்குக் கண் எரிந்தது. துடைத்துக்கொள்ளக் கூட நேரமில்லை.

நவம்பர் 13, வியாழன்

இன்று பெண்கள் நேரத்தில் புதிதாக ஒருவர். படிக்கட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். கனத்த உடம்பு. முழங்கால்வரை நீளும் நைலான் சட்டையும் கால்சட்டையும், கடையில் இருந்து வந்த மடிப்பு கூடக் கலையவில்லை. நெற்றியில் திருநீறு, அதற்குக் கீழே பயந்து போன பெரிய கண்கள். மேல் உதட்டில் வியர்வை. நீச்சல் தெரியாதவர் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. என் கண் அவரோடு ஒட்டிக்கொண்டது. இப்படிப்பட்டவர்கள்தான் ஒரு அடி தவறினால் கம்பியை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடிக்கப் பார்ப்பார்கள்.

"அம்மா, முத ரெண்டு படியோட நில்லுங்க. கம்பிய விடாதீங்க" என்று குரல் கொடுத்தேன்.

அவர் ஒரு படி இறங்கினார். குளிரில் தோளைக் குறுக்கினார். இன்னொரு படி. தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் "ஐயோ சாமி" என்று முனகினார்.

அந்தக் குரல்.

நான் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டேன்.

"தலைக்கு எண்ணெ வெக்கல" என்றார் அவர். பல் தந்தியடித்தது. கம்பியை இன்னும் விடவில்லை. "ரெண்டு தடவ அலசிட்டுத்தான் வந்தேன். துப்பட்டாவும் இல்ல, நைட்டியும் இல்ல. வேற ஏதாச்சும் கொற இருக்குதா?"

"என்னக்கா இது... உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயந்தான். கால் ரெண்டும் வெடவெடங்குது. என்ன பண்றது, பக்கத்துல உக்கோந்தா நீ பாக்க மாட்டே. இப்ப உக்காரவும் கூடாதுங்கறே. உள்ளார எறங்கினவங்களப் பாத்துத்தான அம்மிணி ஆகோணும்?"

அவருக்கு இடது கன்னத்தில் ஒரு மரு இருக்கிறது. சிரித்தால் முன்பல் ஒன்று லேசாகக் கோணல். கண்ணைச் சுற்றிக் கருவளையம், சரியாகத் தூங்குவதில்லை போலிருக்கிறது. குளத்தில் வேறு ஐந்து பேர் இருந்தார்கள், அவர்களையும் விடாமல் பார்த்தேன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கண் அவரிடம் வந்தது. வர வேண்டும், நீச்சல் தெரியாதவர். நாங்கள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் கூப்பிடும் நேரம் வந்தது, போனது. அக்கா தண்ணீரை விட்டு ஏறவில்லை.